கோடித்துணிக்கு அடியில்

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் யார் இறந்தாலும் இரண்டு பேருக்கு முதலில் போன் வந்துவிடும். ஒன்று எனக்கு, இன்னொன்று ஜெர்சோனுக்கு. நான் சண்முகையா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளக்ஸும் போஸ்டரும் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் வரும், போகும். வருஷம் முழுக்கச் சோறு போடுவது கண்ணீர் அஞ்சலிதான். ஜெர்சோன் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறவன். தூர தேசத்துப் பிள்ளைகள் வந்து சேரும்வரை பெற்றவர்களின் உடலைக் கெடாமல் வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி அது. நாங்கள் இருவரும் சேர்ந்து டீக்கடையில் நின்றால், "யாரு அண்ணாச்சி?" என்று கேட்காமல் யாரும் தாண்டிப் போவதில்லை. யாரும் இல்லை, டீ குடிக்க வந்தோம் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

ஜெர்சோனின் அப்பா ஞானஒளிவு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். மகனும் பி.எட். முடித்து வாத்தியார் ஆவான் என்று எதிர்பார்த்தார். இவன் ஐ.டி.ஐ.யில் ஏசி, ஃப்ரிட்ஜ் வேலை படித்துவிட்டு, கடைசியில் பிணப்பெட்டி வாடகைக்கு விட வந்தபோது அவர் கொஞ்ச நாள் பேச்சை நிறுத்தினார் என்று கேள்வி. ஆனால் இந்தத் தொழிலுக்கு வேண்டிய குணம் அவனிடம் இருந்தது. சத்தம் போட்டுப் பேச மாட்டான். சாவு நடந்த துட்டி வீட்டுக்குப் போனால் குட்டியானை வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி, வயரை மாட்டி, குளிர் ஏறுகிறதா என்று பார்த்து, உடலை உள்ளே வைக்கக் கை கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவான். அப்புறம் எடுக்கிறவரைக்கும் வண்டிப் பக்கத்தில் நிற்பதுதான். கூலிக்கு வந்தவன் நின்று இறந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லை என்பது அவன் எண்ணம். எனக்கும் அது சரியாகவே பட்டது. அந்த மரியாதைதான் அவன் கண்ணை மறைத்தது என்று பின்னால் தெரிந்தது.

அது ஒரு சித்திரைக் கடைசி. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு ஊரில் வெள்ளத்துரை என்கிற விவசாயம் பார்க்கிற சம்சாரி தோட்டத்தில் மோட்டார் போடப் போன இடத்தில் விழுந்து இறந்துவிட்டார். மகன் பாண்டியராஜன் உள்ளூரில் விவசாயம். மகள் மாரிசெல்வி மஸ்கட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. அந்த ஊரிலிருந்து ஆபீஸ் வேலைக்கு வெளிநாடு போன முதல் பெண் அவள். பொட்டப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் அத்தனை பேரோடும் சண்டை போட்டு அவளைப் படிக்க வைத்தவர் வெள்ளத்துரை. அதனால் அவள் அண்ணனிடம் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள். நான் வருகிறவரைக்கும் அப்பாவை எடுக்காதீர்கள், அவர் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று.

பாண்டியராஜன் ஜெர்சோனைக் கூப்பிட்டான். ஜெர்சோன் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தான். வழக்கம்போல் வெளியே வந்து நின்றான். அவளுக்கு அன்றைக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை; மறுநாள்தான் ஏறினாள். திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து, செங்கோட்டை வழியாக அவள் வந்து சேர்வதற்குள் மூன்றாம் நாள் மத்தியானம் ஆகிவிட்டது. அதற்கு முன்னாலேயே வீட்டில் ஊதுபத்தியை மீறி வாடை வர ஆரம்பித்திருந்தது. பெரியவர்கள் கூடிப் பேசி, வெள்ளைத் துணியால் முகத்தை மூடிக் கட்டிவிட்டார்கள். ஓடி வந்தவளை மாமாக்காரர் வாசலிலேயே பிடித்து நிறுத்தினார். பார்க்க வேண்டாம், அப்பா எப்படி இருந்தாரோ அப்படியே மனசில் வைத்துக்கொள் என்றார்.

அவள் கத்தவில்லை. வாசலில் நின்றே மூடிக் கட்டிய துணியைப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, வண்டிப் பக்கத்தில் நின்ற ஜெர்சோனிடம் நேராகப் போனாள்.

"அண்ணாச்சி, உங்க பெட்டிய நம்பித்தான நான் ஏரோப்ளேன் ஏறினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பதிலுக்கு நிற்காமல் திரும்பிவிட்டாள்.

இதை ஜெர்சோனே என் கடையில் உட்கார்ந்து சொன்னான். சொல்லும்போது கையில் இருந்த டீ ஆறிப் போய்க் கிடந்தது. அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்றான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு யாரோடும் பேசாமல் வந்துவிடுகிறான், ராத்திரி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவன் மனைவி ரெனி என்னிடம் தனியாகச் சொல்லி வருத்தப்பட்டாள். பெட்டி வாடகைக்கு விடும் மற்றவர்கள், இதற்கெல்லாம் மனசை விட்டால் முடியுமா, கரண்ட் சரியில்லாமல் போயிருக்கும் என்றார்கள். துட்டி வீட்டாரும் அதையே சொன்னார்கள். எங்கள் ஊரில் கரண்ட் ஒரு சாதுவான பிராணி. யார் என்ன பழியைத் தூக்கி வைத்தாலும் சுமந்துகொண்டு போகும். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

ஜெர்சோன் அந்தச் சமாதானத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

"கரண்ட் போகவே இல்ல அண்ணாச்சி. நான் வெளியதான நின்னேன். மோட்டார் ஓடுத சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. பெட்டி ஓடியிருக்கு, அவரு மட்டும் கெட்டுப் போயிருக்காரு. அது எப்படி?"

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போட்டான். கேஸ் சரியாக இருந்தது. விசிறி ஓடியது. உள்ளே தண்ணீர் நிறைந்த சட்டிகளை வரிசையாக வைத்து மூடிப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் மேல்தண்ணீர் ஐஸ் பாளம் கட்டிவிட்டது. பெட்டி செய்து கொடுத்த கோயம்புத்தூர்க் கம்பெனிக்குப் போன் போட்டால், உள்ளே துணிமணி, மாலை எதுவும் வைக்கக் கூடாது என்று பின்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறோமே என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தான். இருந்தது, பொடிப்பொடி இங்கிலீஷில்.

ஜெர்சோன் போகிற சபையில் சாம்சுந்தர் என்று ஒருவர் உண்டு. பாலிடெக்னிக்கில் இதே குளிர்சாதனப் பாடம் நடத்துகிறவர். பாட்டுக் குழுவில் ஜெர்சோனுக்கு அடுத்த இடத்தில் நிற்பவர். பல வருஷம் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறார்கள், தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெர்சோன் அவரிடம் போய் நின்றான். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். துட்டி வீட்டில் பெட்டிக்குள் என்னவெல்லாம் வைக்கிறார்கள்?

ஜெர்சோனுக்குத் தெரியவில்லை. நான் உள்ளே பார்ப்பதில்லை சார் என்றான். கிறிஸ்தவர்களான அவர்கள் ஆட்களில் ஒரு வெள்ளைத் துணி, நெஞ்சில் ஒரு பூங்கொத்து, அத்தோடு சரி. மற்றவர்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும் என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறான். பார்க்காமல் எப்படி மருந்து சொல்வது என்று சாம்சுந்தர் கேட்டதும் அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தான்.

நான் சொன்னேன். ஆம்பிளை இறந்தால் மச்சினன்மார் கொண்டுவரும் கோடித்துணி, சம்பந்தி வீட்டுக் கோடி, மருமகன் கோடி. பொம்பளை இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வராமல் உடலை எடுக்கவே முடியாது. சங்கத்துக்காரர்கள் ஒரு துண்டைப் போர்த்துவார்கள். ஒவ்வொரு புதுத்துணியும் காலிலிருந்து நெஞ்சுவரை ஒன்றின்மேல் ஒன்றாக விரிப்பார்கள். அதற்கு மேல் மாலைகள். அவை வழுக்கிக் கால்மாட்டில் குவியும். எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சமாச்சாரம் இது. ஜெர்சோன் ஏதோ வெளிநாட்டுச் சேதி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் மட்டும் குறுக்கே பேசினான்.

"கால்மாட்டுலயா குவியும்? எம் பெட்டிக்கு விசிறியே கால்மாட்டுலதான் அண்ணாச்சி இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு முற்றத்தில் கூடினோம். சாம்சுந்தர் ஊதுபத்தி வேண்டும் என்றார். காற்று கண்ணுக்குத் தெரியாது, புகை தெரியும் என்றார். அந்த வீட்டில் ஊதுபத்திக்கு எங்கே போவது? நான்தான் தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். அரிசிச் சாக்கு ஒன்றை உடம்பாகக் கிடத்தி, தலைக்கு ஒரு தலையணை வைத்தோம். விசிறிக்கு முன்னால் பத்தியைப் பிடித்ததும் புகை கால்மாட்டிலிருந்து கிளம்பி, சாக்கின் மேலே வழிந்து, தலையணையைத் தொட்டுச் சுற்றிக்கொண்டு அடிவழியாகத் திரும்பியது. பார்க்க அழகாகவே இருந்தது. பிறகு ரெனியின் சேலைகளை ஒவ்வொன்றாக விரிக்கச் சொன்னார். முதல் சேலைக்குப் புகை லேசாகத் தயங்கியது. இரண்டு மூன்று போட்டதும் பாதி தூரம்தான் போனது. மாலைக்குப் பதிலாகக் கால்மாட்டில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்ததும் புகை அங்கேயே முட்டி, வந்த வழியே திரும்பிவிட்டது. தலையணைப் பக்கம் ஒரு இழைகூடப் போகவில்லை.

ஒரே நாளில் எடுத்துவிடுகிற உடலுக்கு இது தெரியாது, சித்திரை வெயிலில் இரண்டு நாள் கிடந்தால்தான் தெரியும் என்றார் சாம்சுந்தர். மோட்டார் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கன தலைகாணி இருக்க இடத்துலதான அவரு முகம் இருந்துச்சு" என்றான் ஜெர்சோன்.

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அதற்கப்புறம்தான் பாடு. பெரிய விசிறியாகப் போடலாம் என்று சாம்சுந்தர் சொன்னார், போட்டார்கள். காற்று வேகத்தில் உள்ளே சேலைகள் எழும்பி எழும்பி அடங்கின. சவத்தின்மேல் துணி இப்படி ஆடினால் துட்டிக்கு வந்த சனம் ஊர் எல்லையில்தான் போய் நிற்கும் என்றாள் ரெனி. கழற்றிவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் எழுதியிருப்பது போலத் துணியே வைக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்போம் என்று அடுத்த யோசனை. நெசவாளர் தெருவில் ஒரு வீட்டில் சொன்னான். இறந்த அம்மாளின் தம்பி, கையில் கோடியோடு வந்து நின்றவர், பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"எங்க அக்காவுக்கு நான் கோடி போடக் கூடாதுன்னு சொல்லுததுக்கு நீ யாருவே?"

அவர் சொன்னது நியாயம். அந்தத் துணியில்தான் அவருக்கும் அக்காவுக்கும் உள்ள ஒட்டும் உறவும் இருக்கிறது. பிறந்த வீடு இன்னும் உன்னை மறக்கவில்லை என்று சொல்ல அவருக்கு வேறு வழி இல்லை. அதை மூடிக்கு வெளியே வைத்துவிட்டுப் போ என்றால் எந்தத் தம்பி கேட்பான்? ஜெர்சோனும் அதைப் புரிந்துகொண்டான். பெட்டிக்காக வழக்கம் மாறாது, வழக்கத்துக்குத் தோதாகப் பெட்டிதான் மாற வேண்டும் என்று என்னிடம் வந்து சொன்னான். எப்படி மாறும் என்பதுதான் அவனுக்கும் தெரியவில்லை, சாம்சுந்தருக்கும் தெரியவில்லை.

வழி வந்தது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து. ரெனியின் அக்கா ரெபேக்காள் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருஷக்கணக்காகத் தீக்காய வார்டில் வேலை பார்க்கிறவள். கோயில் அசன விருந்துக்கு வந்தவள் மத்தியானம் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். முற்றத்தில் கிடந்த பெட்டியையும் அதற்குள் கிடந்த சேலைகளையும் பார்த்து, இது என்ன கூத்து என்று கேட்டிருக்கிறாள். ஜெர்சோன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு யோசனை, எங்கள் வார்டில் தினமும் செய்கிற வேலை என்றாளாம்.

தீயில் வெந்த உடம்பில் போர்வை பட்டால் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது தோலோடு வரும். போர்த்தாமலும் விட முடியாது, குளிரும், மானமும் இருக்கிறது. அதனால் உடம்புக்கு மேலே வளைந்த கம்பிக் கூண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் போர்வையைப் போடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஆள் போர்த்திப் படுத்திருப்பது போலத்தான் தெரியும். துணி உடம்பைத் தொடாது, அடியில் காற்று ஓடும். மறுநாளே ரெபேக்காள் ஸ்டோர் ரூமில் நின்று அந்தக் கூண்டைப் போட்டோ எடுத்து, நீள அகலத்தையும் அளந்து அனுப்பிவிட்டாள்.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணுக்கும் ஜெர்சோனுக்கும் வருஷத்தில் பத்துத் தடவையாவது ஒரே பந்தியில் சாப்பாடு. அவள் வார்டில் இருக்கும் கூண்டு இவனுக்குத் தெரியாது, இவன் பெட்டியில் உள்ள கஷ்டம் அவளுக்குத் தெரியாது. சொந்தக்காரர்கள் கூடினால் நாம் பேசுகிற பேச்செல்லாம் அப்படித்தானே இருக்கிறது.

ராஜபாளையம் ரோட்டில் ஒரு பட்டறையில் ஸ்டீல் கம்பியை வளைத்துக் கூண்டு செய்தார்கள். முதல் கூண்டு ஆஸ்பத்திரி அளவிலேயே இருந்தது. உயிரோடு இருப்பவருக்குச் சரி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் இறந்தவருக்கு வயிறு ஊதிக் கிடப்பது போலத் தெரிந்தது. ஒரு வீட்டில் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள் என்று உடனே எடுத்துவிட்டான். அடுத்ததில் உயரத்தைக் குறைத்தான். மாலையின் கனத்தில் கம்பி நடுவில் அமுங்கியது. அப்புறம் நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் எழும்பி, கால்பக்கம் தாழ்ந்து போகிற மாதிரி, உடம்பின் வாகுக்கே செய்தான். கால்மாட்டில் விசிறிக்கு முன்னால் மாலை விழாமல் ஒரு தடுப்பும் வைத்தான். திரும்பவும் சாக்கு, தலையணை, ரெனியின் சேலைகள், என் ஊதுபத்தி. அத்தனை சேலைக்கும் அடியில் புகுந்து புகை தலையணைக்குப் போய்ச் சேர்ந்தது. ரெனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெர்சோன் பத்தி முழுவதும் எரிந்து தீரும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு அவன் பெட்டியில் ஒரு உடலும் கெடவில்லை. தென்காசியிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் பெட்டிக்காரர்கள் வந்து கூண்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் அளவு சொன்னான், பட்டறையையும் காட்டினான். உமக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் என்னவே என்று நான் சத்தம் போட்டேன். ரெபேக்கா அக்கா எனக்கு அப்படியா அண்ணாச்சி தந்தாள் என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஆனால் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் வண்டி போகும்போதெல்லாம் அவன் பேச்சு நின்றுவிடும். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது, அழைக்காத வீட்டுக்குப் பெட்டிக்காரன் எப்படிப் போவது என்பான். அது உண்மைதான். எங்கள் இரண்டு பேரையும் யாரும் சும்மா வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை பாண்டியராஜன் என் கடைக்கு வந்து நின்றான். அம்மா பேச்சி தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றான். போட்டோ கொடுத்தான். இன்று மாலை நல்லடக்கம் என்று போடச் சொன்னான். கையில் மவுஸைப் பிடித்தபடியே, தங்கச்சி வர வேண்டாமா என்று கேட்டேன்.

"அவதான் வேண்டாம்னுட்டா அண்ணாச்சி. அப்பாவுக்குப் பட்டது போதும், எனக்காக அம்மாவக் காக்க வச்சுக் கெடுத்திராதீங்க, இன்னைக்கே எடுத்திருங்கன்னு போன்ல அழுதா."

முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கடல் தாண்டி ஓடி வந்தவள், முகமே வேண்டாம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டு, கொஞ்சம் பொறு தம்பி என்று சொல்லி, ஜெர்சோனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். பாண்டியராஜன் எங்களைத் தடுக்காமல் பைக்கில் முன்னால் போனான்.

அழைக்காமல் வந்த பெட்டியைப் பார்த்து வாசலில் இருந்த ஆட்கள் எழுந்தார்கள். ஒருவர் வண்டியைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். ஜெர்சோன் இறங்கி நின்று, பாண்டியராஜனிடம் தங்கச்சிக்கு ஒரு போன் மட்டும் போட்டுக் கொடுக்கச் சொன்னான். அவள் வேண்டாம் என்று சொன்னால் அப்படியே திரும்பிவிடுவதாகச் சொன்னான். பாண்டியராஜன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு போட்டுக் கொடுத்தான்.

"தாயீ, நான் ஜெர்சோன் பேசுதேன். பெட்டிக்காரன்."

அவள் வைத்துவிடுவாளோ என்று இவன் தொடர்ந்து பேசினான்.

"அன்னைக்குக் கரண்ட் போகல தாயீ. போட்ட கோடியும் மாலையும் காத்து போற வழிய அடச்சிட்டு. எனக்கு அப்போ அது தெரியாது. நீ கேட்ட கேள்விக்குப் பொறவுதான் தேடித் தெரிஞ்சுக்கிட்டேன். இப்போ அதுக்கு ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். நீ கிளம்பி வா. நீ வாரவரைக்கும் நான் பெட்டிய விட்டு நகர மாட்டேன்."

"அம்மாவையும் அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல அண்ணாச்சி."

"அப்படிப் பாக்க வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

போனை அண்ணனிடம் கொடுக்கச் சொன்னாள். பாண்டியராஜன் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், வருகிறாளாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அன்றைக்கு ஜெர்சோன் வெளியே போய் நிற்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். பெண்கள் இருக்கிற இடத்தில் இவனுக்கு என்ன வேலை என்று முதலில் முணுமுணுத்தார்கள். கோடி வர வர எழுந்து வாங்கி, மூடியைக் கையளவு தூக்கி, கூண்டின்மேல் விரித்து, உடனே மூடினான். பேச்சியின் பிறந்த ஊர் சிவகிரி. அங்கிருந்து வந்த அண்ணன், கோடியைத் தன் கையால்தான் போர்த்துவேன் என்றார். ஜெர்சோன் மூடியைப் பிடித்துக்கொண்டு அவர் கையாலேயே போர்த்த விட்டான். துணி தங்கைமேல் விழுந்ததாகவே அவர் கண்ணுக்குத் தெரிந்தது, அவர் மனசும் ஆறியது. சாயங்காலம் உண்மையிலேயே கரண்ட் போய்விட்டது. எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். காற்றுப் போகும் வழி திறந்திருந்தால் உள்ளே ஏறிய குளிர் அவ்வளவு சீக்கிரம் இறங்காது என்றான். கரண்ட் வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து விசிறிச் சத்தத்தைக் கேட்டான். விடியும்வரை அங்கேயேதான் இருந்தான்.

மறுநாள் முற்பகலில் கார் வந்து நின்றது. மாரிசெல்வி இறங்கினாள். அழுகைச் சத்தம் கூடியது. அவள் மட்டும் வாசல்படியில் நின்றுவிட்டாள், உள்ளே கால் வைக்கவில்லை. பெட்டியைப் பார்க்காமல் ஜெர்சோன் முகத்தையே பார்த்தாள். அவன் எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட்டான்.

பேச்சி, நெற்றியில் திருநீறோடு, வாய் லேசாகச் சேர்ந்து, மத்தியானத் தூக்கத்தில் கிடப்பவள் போலத்தான் இருந்தாள். ஜெர்சோன் மூடியைத் தூக்கினான். மாரிசெல்வி குனிந்து அம்மாவின் கன்னத்தில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. எத்தனை தடவை அம்மா என்று கூப்பிட்டாள் என்று தெரியாது. பிறகு பையிலிருந்து மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த புதுச்சேலையை எடுத்தாள். விரிக்கும்போது துணிக்கு அடியில் ஏதோ கடினமாகக் கையில் தட்டியிருக்க வேண்டும். கோடிகளின் ஓரத்தை லேசாகத் தூக்கிக் கூண்டைப் பார்த்தாள்.

"இதுதானா அண்ணாச்சி?"

"இதுதான் தாயீ."

வெறும் வளைந்த கம்பி. அவள் ஒரு விரலால் அதைத் தடவினாள்.

"அப்பாவுக்கு இது இருந்திருந்தா நான் பாத்திருப்பேனா?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வெயில் அப்படி, நாள் அப்படி என்று நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஜெர்சோன் மூடியைப் பிடித்தபடியே சொன்னான்.

"பாத்திருப்பே."

அவள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, பெட்டியில் தலையைச் சாய்த்து, அப்பா, அப்பா என்று கதறினாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த அழுகை. சுற்றி இருந்த பெண்கள், துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று அவளைப் பிடிக்கப் போனார்கள். பாண்டியராஜன் அவர்களைத் தடுத்தான். விடுங்கள், அழட்டும் என்றான்.

ஜெர்சோன் மூடியை மெல்ல இறக்கிவிட்டு வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரத்தில் பாண்டியராஜன் உள்ளே இருந்த அதே நாற்காலியை எடுத்துவந்து, அவனுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனான்.